டாக்டரின் இருமல்

தண்ணீரைத் தொடவில்லையே என்று தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. நான் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதில்லை. தொண்டைதான் எனக்குச் சோறு போடுகிறது.

குரல் கொடுப்பது என் தொழில். 'நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை' என்று கேட்டிருப்பீர்களே, அது நான்தான். யாரென்று தெரியாமலே என்னைத் திட்டியும் இருப்பீர்கள்.

மூலிகைப் பொடி விற்கும் ஒருவர் ஒரு நாள் ஒரு பக்கம் எழுதி எடுத்துவந்தார். இன்சுலின் ஊசி உடம்பைக் கெடுக்கும், அதை நிறுத்திவிட்டுப் பொடியைச் சாப்பிடுங்கள் என்று ஒரு மூத்த டாக்டர் பேசுவதுபோல இருந்தது. அப்படி ஒரு டாக்டரே கிடையாது. எழுதியது அவர், வாசித்தது நான், அவ்வளவுதான். ஆனால் வாசித்துப் பார்த்தால் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அதனால் நடுவில் லேசாக இருமினேன். "மன்னிக்கணும், காலையிலேர்ந்து ஒரே கூட்டம்" என்று நானாகச் சேர்த்தேன். கேட்டவர்கள் எல்லாரும் அந்த இருமலில்தான் விழுந்தார்கள்.

அந்தப் பதிவு வாட்ஸ்அப்பில் கைக்குக் கை மாறி, என் அக்காவின் கைபேசிக்கே வந்து சேர்ந்தது. அக்கா சின்ன வயதிலிருந்து இன்சுலினால் உயிர் வாழ்கிறவள். கேட்டவுடன் எனக்கு போன் போட்டாள்.

"டேய், இந்த டாக்டர் எவ்வளவு பொறுமையா சொல்றார் பாரு. பாவம், அவருக்கே உடம்பு சரியில்ல போல. ஊசிய நிறுத்திடலாமான்னு பாக்குறேன். நீ என்ன சொல்ற?"

கூடப் பிறந்தவளுக்கே என் குரல் பிடிபடவில்லை. உங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பெருமையாக இருந்தது. மைக் முன்னால் கத்தி என்னத்தைக் கண்டாய் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டவள் அவள்.

"அவ்வளவு பெரிய டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்றேன்.

ஊசியை நிறுத்திய மூன்றாம் நாள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாள். அவள் மகள் பதறிப்போய் ஒரு ஊசியைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பொடிக்காரர் வெலவெலத்துப்போய் வந்தார். "ஆளாளுக்குக் கேள்வி கேக்குறாங்க சார்" என்றார். இரண்டாவது பதிவை அவர் எழுதவில்லை, ஐயா. நான்தான் எழுதினேன். பொடியால் யாரும் சாகவில்லை, பாதியில் பயந்துபோய் ஊசி போட்டதால்தான் செத்தார்கள் என்று அதே டாக்டர் வருத்தப்படுவார். இந்த முறை இருமவில்லை. குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன். அது நடிப்பில்லை, அக்காவை நினைத்துக்கொண்டேன்.

அதையும் அக்கா மகள் கேட்டாள். "அம்மாவ நானே கொன்னுட்டேன் மாமா" என்று என் தோளில் விழுந்து அழுதாள். நான் தட்டிக்கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆஸ்பத்திரி டாக்டர்கள் கூப்பிட்டு வைத்து எவ்வளவோ எடுத்துச் சொன்னார்கள். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவளை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. பொடிக்காரர் உங்களிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டாராம், பரவாயில்லை. என்னை வெளியே விடவேண்டாம், ஒரு மைக் மட்டும் கொடுங்கள். உன் மேல் தப்பில்லை அம்மா என்று அந்த டாக்டர் சொன்னால் நம்பிவிடுவாள்.

நானே நேரில் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் சொன்னால் அந்த டாக்டர் மேல் அவளுக்குள்ள நம்பிக்கை போய்விடும். பாவம், இப்போது அவரை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?