முப்பது வருஷத்துப் பீப்பாயும் மூக்கண்ணனின் சீட்டும்

மேடையில் இருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே, எரிந்த கிடங்கின் கரி இன்னும் நகக்கண்ணில் இருக்க இங்கே வந்து சேர்ந்திருக்கும் தோழர்களே!

கிடங்கு மேற்பார்வையாளன் என்ற முறையில் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். அண்ணனைப் பற்றிப் பேச வந்தவன், பாதி நேரம் என்னைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தலைமைச் சுவைஞர், நாம் எல்லோரும் மூக்கண்ணன் என்று கூப்பிட்ட அந்தப் பெரிய மனிதர், இந்தத் தீவின் விஸ்கி ஆலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தார். அவர் தலையசைக்காமல் ஒரு பீப்பாயாவது கப்பல் ஏறியதுண்டா? சொல்லுங்கள், உண்டா? புதிதாக வருகிறவர்கள் கிளாசுக்குள் முகத்தைக் கவிழ்த்தால், "முகர்ந்து பாருன்னா, மூக்கை முக்கிக் குளிக்கிறியேப்பா!" என்பார். அந்த அறையே சிரிக்கும்.

அவர் ஒரு மடக்குகூட விழுங்கியதில்லை. வாயில் வைப்பார், கண்ணை மூடுவார், காலடியில் இருக்கும் வாளியில் துப்பிவிடுவார். முப்பத்தோரு வருஷம் துப்பினார்! ஆனால் இந்தப் பன்னிரண்டு நாளாக ஊர் என்ன பேசுகிறது? "குடிச்சே பழகின ஆளு. போதையில கிடங்குக்குள்ள போய் மாட்டிக்கிட்டாரு." கடைத்தெருவில் என் காதுபடவே பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மூன்றாம் கிடங்கிலிருந்து முப்பது வருஷத்துச் சிங்கிள் மால்ட் விஸ்கியின் மாதிரி, துணி சுற்றிய பாட்டிலில் வந்தது. அண்ணன் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம் தன் கையால் அடைத்த பீப்பாய் அது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாலு பேர் ருசிப்போம். ஒருவரும் பேசக்கூடாது. அவரவர் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். திருப்பினோம். ஒருவர் தேன் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் கடல் உப்பு, ஊறின உலர்திராட்சை என்று எழுதியிருந்தார். நான் "அருமையான புகை" என்று எழுதியிருந்தேன். அண்ணன் சீட்டில் இரண்டே வார்த்தை: "கருகின ஒயர்."

சிரித்தோம். ஆமாம் அண்ணி, நாங்கள் சிரித்தோம்! சதுப்பு மண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறவர்கள் நாங்கள். புகை வாடை வந்தால் மார்க் போடுகிறவர்கள். "அண்ணே, நம்ம சரக்குல புகை வராம மல்லிகைப்பூவா மணக்கும்?" என்றேன்.

"இது சரக்கோட புகை இல்லடா. பாட்டிலைச் சுத்தி வந்த துணியில இருக்கு. உன் கிடங்குல எங்கயோ ஒயர் வேகுது. ஆளுங்களை வெளிய அனுப்பிட்டு மெயினை அணை."

"மத்தியானம் பார்க்கிறேண்ணே. உங்க மூக்குக்கும் வயசாயிடுச்சு."

இதைச் சொன்னவன் நான். எந்த மூக்கைப் பார்த்துச் சொன்னேன்! சொல்லிவிட்டு அடுத்த மாதிரியை ஊற்றச் சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. சீட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தானே எழுந்து போனார். உள்ளே பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். அதோ, மூன்றாவது வரிசையில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "ஓடுங்கடா, மெயினை அணைச்சுட்டு வந்துடுறேன்" என்றாராம். மெயின் சுவிட்ச் இருந்தது கிடங்கின் கடைக்கோடியில். அதற்குள் தீ பற்றிக்கொண்டது. அவர் திரும்பி வரவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி, "முன்கூட்டியே யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். அப்போது சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. வேலை போய்விடும், கைக்கு விலங்கு வந்துவிடும் என்று பயந்தேன். ஊர் அவரைக் குடிகாரர் என்று பேசியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்தப் பீப்பாய் சாம்பலாகிவிட்டது. சுவை அறையில் மிஞ்சியது அந்த மாதிரி பாட்டில் மட்டும்தான். துணியோடு அப்படியே இருக்கிறது. இன்று காலை அந்தத் துணியை எடுத்து எவ்வளவோ நேரம் முகர்ந்து பார்த்தேன். எனக்கு இப்போதும் நல்ல புகை வாடைதான் வருகிறது. அண்ணனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவே இல்லை. எப்பேர்ப்பட்ட மனிதரை இழந்திருக்கிறோம் பாருங்கள்!

மேலாளர் அவர்களே, அண்ணன் வேலையைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். தொடர்வதென்றால் இப்படித் தொடருங்கள். நாலு சீட்டில் ஒரு சீட்டாவது ஏதோ தப்பு என்று சொன்னால், அதைப் பார்த்து முடிக்கும்வரை யாரும் அடுத்த கிளாசைத் தொடக்கூடாது. சுவை அறையில் இதை எழுதி மாட்டுங்கள். எனக்கு அந்த அறையில் இனி இடம் இல்லை.

அண்ணி, இதுதான் அந்தச் சீட்டு. அவர் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். முதலில் நீங்கள் படியுங்கள். இவர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுங்கள். அதிகாரி மூன்று மணிவரை அலுவலகத்தில் இருப்பார். நான் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.