சுரங்க மேட்டை விட்டு இறங்காதவர்

பெயர்: டன்கன் இம்ரி. த/பெ: காலஞ்சென்ற ராபர்ட் இம்ரி. வயது: 58. தொழில்: பஸ் டிப்போவில் மெக்கானிக். விலாசம்: 11, மில் சந்து, கில்பிராடன், ஏர்ஷயர். என் அண்ணன் ஆர்ச்சிபால்டு இம்ரி (வயது 66) இறந்தது சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல் நானே கில்பிராடன் காவல் நிலையத்துக்கு வந்து சார்ஜென்ட் மெல்வில் அவர்களிடம் சொல்லி எழுதவைப்பது.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். கில்பிராடன் திசில் கால்பந்துக் கழகத்தின் மில்பிரே மைதானத்தில் சனிக்கிழமைதோறும் சம்பளமில்லாத காவலாளாக நின்று வந்தேன். இப்போது போய் நிற்பதற்கு அங்கே மைதானம் இல்லை.

மைதானத்தின் வரலாறு கேட்டதால் சொல்கிறேன். 1908இல் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் கிடந்த சேற்றுக் காட்டைச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து சமப்படுத்தினார்கள். சுரங்கத்திலிருந்து வந்த கல்லையும் கரியையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கிழக்குப் பக்க கோலுக்குப் பின்னால் கொட்டி மேடாக்கி, பழைய தண்டவாளக் கட்டைகளைப் படியாகப் பதித்தார்கள். அதற்குப் பெயர் சுரங்க மேடு. என் தாத்தாவும் அதற்கு வண்டி தள்ளியவர். 1938இல் கோப்பை அரையிறுதிக்கு எட்டாயிரம் பேர் வந்தார்கள். சார்ஜென்ட் ஐயா புருவத்தைத் தூக்க வேண்டாம், ஊரில் அத்தனை பேர் கிடையாது என்று எனக்கும் தெரியும், பக்கத்து ஊரெல்லாம் திரண்டு வந்தது. 1961இல் பார்வையாளர்கள் உட்காரும் மர ஸ்டாண்டு எரிந்து போனது. அடுத்த வாரமே கரிந்த வாசனையோடு ஆட்டம் நடந்து நான்கு கோல் போட்டோம். அதன் பிறகு சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு மேடு உள்ளே இறங்க ஆரம்பித்தது. கீழே குடைந்ததும் எங்கள் ஆட்கள்தான், வேறு யாரைத் திட்டுவது? போன வருடம் நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்து மேட்டின் கேட்டைப் பூட்டி, அதில் ஒரு ஆள் கால் வைத்தாலும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சாவி என்னிடம் இருந்தது.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் கோல் போடப் போகிறார்களோ அந்த கோலுக்குப் பின்னால்தான் நிற்போம். பாதி நேரம் முடிந்து ஆட்டக்காரர்கள் பக்கம் மாறினால் நாங்களும் இறைச்சி அடைத்த ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்து அடுத்த பக்கம் போய்விடுவோம். நம் கோல் கீப்பர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது பயந்தாங்கொள்ளி வேலை என்று என் அப்பா சொல்வார். மேட்டைப் பூட்டிய பிறகு மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பழகிக்கொண்டார்கள். என் அண்ணன் பழகவில்லை. இரண்டாவது பாதியில் கேட்டுக்கு வெளியே தனியாக நின்று, கம்பி வழியாகத் தெரிந்த வரைக்கும் பார்ப்பார்.

சம்பவம் நடந்த நாள் இந்த வருடத்துக் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் பிரிவிலேயே இருப்போம், தோற்றாலும் டிரா ஆனாலும் கீழே இறங்கிவிடுவோம். கீழே இறங்கினால் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டேன், வீடு கட்ட விற்றுவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். இது ஊருக்கே தெரியும். ஆகையால் வராத ஆளெல்லாம் வந்திருந்தார்கள். முதல் பாதியில் ஒரு கோல் போட்டு நாங்கள் முன்னால் இருந்தோம்.

பாதி நேரம் ஆனதும் அண்ணன் கேட்டுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

“கேட்டைத் திற,” என்றார்.

“முடியாது ஆர்ச்சி. போய் அங்கிட்டு நில்லு.”

“சாவியக் கையில குடுத்ததும் பெரிய அதிகாரி ஆயிட்டியோ? நம்ம தாத்தா கொட்டின மண்ணுடா அது. அவன் வந்து பூட்டுவான், நீ காவல் காப்பியா?”

“ரெஃப்ரி பாத்தா ஆட்டத்தை நிறுத்திருவாரு.”

“ஓரமா, விளக்குக் கம்பத்துக்குப் பின்னாடி நிக்கிறேன். ஒரு பய கண்ணுல பட மாட்டேன். கடைசி ஆட்டமா இருந்தாலும் இருக்கும், டன்கன். என்னை வெளிய நிக்க வைக்காதடா.”

நான் திறந்துவிட்டேன். சம்பவம் பற்றி இங்கே ஏற்கெனவே பதிந்த அறிக்கையில் பூட்டை யாரோ உடைத்தார்கள் என்று எழுதியிருப்பதை அடித்துவிடவும். ஆனால் அதைச் சொல்வதற்காக மட்டும் நான் இங்கே வரவில்லை.

அதன் பிறகு இரண்டாவது பாதி ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது, அப்போது நடுவர் மேட்டைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். பார்த்தால் அண்ணன் கம்பத்துக்குப் பின்னால் இல்லை. மேட்டின் நடுவில், ஊரே பார்க்கிற இடத்தில், கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். நடுவர் என்னைக் கூப்பிட்டு, அந்த ஆளை இறக்கிக் கொண்டு வா என்றார். நான் ஓடினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து எங்கள் ஊர் ஜனங்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

“ஏய் ஆர்ச்சி! எறங்குய்யா கீழ!”

“மேட்டை என்ன உங்க அப்பனா எழுதி வச்சான்?”

முதலில் சிரித்துக்கொண்டுதான் கத்தினார்கள், அதையும் எழுதிக்கொள்ளவும்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். அண்ணன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். உதடு நீலமாக இருந்தது. சுரங்க வேலையில் சேர்ந்த தூசு அவர் நெஞ்சில் எவ்வளவு இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெண்டாட்டிக்கே அவர் சொல்லவில்லை.

“எந்திரிக்க முடியலடா,” என்றார். “கம்பத்துகிட்டப் போகலாம்னு ஏறினேன். பாதியிலயே மூச்சு நின்னு போச்சு.”

“அட கடவுளே. இரு, ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்றேன்.”

அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் பிடி பலமாக இருந்தது.

“தூக்கிட்டுப் போறதா? இத்தன பேரு முன்னாடியா? வர மாட்டேங்கிறான்னு சொல்லு. முடியலன்னு மட்டும் சொன்னே, செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

இது விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் அப்பாவுக்கும் அதே நெஞ்சு வியாதி. கடைசி வருடம் அவரை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி மைதானத்துக்குக் கொண்டு வருவார்கள். அவர் வரும்போது ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிடுவார்கள். ஊரே பயந்த முரட்டு மனிதர், அந்த மௌனத்துக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு போவார். அண்ணன் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கியவர். எனக்கு இந்த கதி வர விடமாட்டேன் என்று அன்றைக்கே என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு நடுவர் மேட்டடிக்கு வந்து நின்றார். நல்ல மனிதர், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. தெளிவாகக் கேட்டார்: “அவருக்கு உடம்பு முடியலையா, இல்ல வர மாட்டேங்கிறாரா? உடம்பு முடியலன்னா சொல்லுங்க, ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் நிக்கிறேன், அப்புறம் ஆட்டம் நடக்கும். பிடிவாதம்னா நான் இத்தோட முடிச்சிருவேன்.”

எதிரணி கோல் கீப்பர் பக்கத்திலேயே நின்றிருந்தான். வேற்றூர்ப் பையன், அவனுக்கு அண்ணன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. “சார், அவருக்கு மூச்சு இழுக்குது பாருங்க,” என்றான்.

“அது எப்பவும் இழுக்குறதுதான். நீ உன் கோலப் பாரு,” என்று நான் அவன் வாயை அடைத்தேன்.

அதன் பிறகு நடுவரைப் பார்த்து, “வர மாட்டேங்கிறாரு,” என்றேன்.

நடுவர் மறுபடியும் ஒரு தடவை கேட்டார். நான் அதையே சொன்னேன். அண்ணன் என் சட்டையை விட்டார். நடுவர் கடைசி விசிலை ஊதிவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் கேப்டன் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. ஜனங்கள் வேலியைத் தாண்டி மேட்டடிக்கு வந்தார்கள். எல்லாரும் போகட்டும், அப்புறம் மெதுவாக இறங்கிக்கொள்கிறேன் என்று அண்ணன் சொன்னார். யாரும் போகவில்லை. கடைசியில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் ஸ்ட்ரெச்சர் வந்தது. எதற்குப் பயந்தாரோ அதுவேதான் நடந்தது, அத்தனை பேர் முன்னாலேயும் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். ஆனால் அப்பாவுக்குக் கிடைத்த மௌனம்கூட இவருக்குக் கிடைக்கவில்லை.

“நடிக்கிறான் பாரு, நாசமாப் போறவன்!”

“ஆட்டத்த நாசம் பண்ணிட்டு இப்ப மயக்கமாம்!”

யாரோ காறித் துப்பினார்கள். அது போர்வை மேல் விழுந்தது. துப்பியது யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நானும் அந்த இடத்தில் நின்றிருந்தால் துப்பியிருப்பேன்.

அண்ணன் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தார். அதே வாரம் லீக் கமிட்டி கூடி, சொந்த ஊர்க்காரரால் நின்ற ஆட்டம் என்று எதிரணிக்கே வெற்றியைக் கொடுத்தது. நாங்கள் கீழே இறங்கினோம். நிலத்துக்காரர் சொன்ன சொல் மாறவில்லை. அடக்கத்தன்று பெட்டியை இறக்குவதற்குக் கயிறு பிடிக்க ஆள் போதவில்லை. எங்கள் வழக்கப்படி இன்னார் இன்னார் பிடிக்க வேண்டும் என்று குடும்பம் அழைப்பு கொடுக்கும், அழைப்பைத் திருப்புவது பெரிய அவமானம். ஐந்து பேர் திருப்பினார்கள். மிச்சக் கயிற்றை சவப்பெட்டிக் கடைக்காரரின் கூலியாட்கள் பிடித்தார்கள்.

அதன் பிறகு நான் அண்ணன் பெண்டாட்டி ஐசாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ரொட்டிக் கடையில் அவள் முறை வந்ததும் கடைக்காரி உள்ளே போய்விடுகிறாள், பின்னால் நிற்பவர்களும் முகம் கொடுப்பதில்லை. உண்மையை வெளியே சொல்லிவிட்டால் இது நிற்கும் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆட்டமும் நடந்திருக்கும், ஊரும் இருந்திருக்கும். அவருக்காக எல்லாத்தையும் விட்டுக் குடுத்துட்ட. இப்ப போயி அவரு மானத்தையும் எடுக்கப் போறியா?” என்றாள். “இப்ப அவரைத் திட்டுறாங்க, டன்கன். நீ சொல்லிட்டா பாவம்னு சொல்லுவாங்க. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதானே அந்த மனுஷன் உட்கார்ந்த எடத்துலயே உட்கார்ந்திருந்தாரு?”

நேற்று மேட்டை இயந்திரம் வைத்து வழித்துவிட்டார்கள், நான் ரோட்டில் நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், இம்ரி குடும்பம் கட்டியதை இம்ரி குடும்பமே இடித்தது என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. தப்பு எந்த இம்ரி என்பதில் மட்டும்தான். அதைத் தாங்க முடியாமல் இங்கே வந்தேன். நான் வந்தது ஐசாவுக்குத் தெரியாது. என்னால் ஆட்டமும் போனது, அண்ணன் கேட்ட ஒரே ஒரு உதவியும் இந்தக் காகிதத்தோடு போகிறது என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

எழுதியதைச் சார்ஜென்ட் ஐயா வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. இதில் உள்ள எல்லாம் உண்மை. நடுவரிடம் இரண்டு தடவை சொன்னது மட்டும் பொய்.

(ஒப்பம்) டன்கன் இம்ரி

என் முன்பாகச் சொல்லி ஒப்பமிட்டது:
(ஒப்பம்) மெல்வில், சார்ஜென்ட், கில்பிராடன்