பெயர் எழுதாத உறைகள்

மாலை நாலரை மணிக்கு என் அறைக்குள் வெயில் வரும். வருகிறவர்களின் கண் கூசக் கூடாது என்று நாற்காலிகளைச் சன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டு வைத்திருக்கிறேன். இதை முதலில் சொல்லக் காரணம், என்னைக் கவனமில்லாதவள் என்று விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

கதவில் மாணவர் நல மையம் என்று எழுதியிருக்கிறது. முன்பு அது உடற்கூறியல் துறையின் சாமான் அறை. எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். ஒரு எலும்புக்கூட்டை மட்டும் எடுக்க ஆள் வரவில்லை. அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தினேன். போர்த்திய பிறகு இன்னும் பயமாக இருந்தது. துணியை எடுத்துவிட்டேன்.

மருத்துவம் படிக்கிறவர்களின் மனநலத்தைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மையம் வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, யாருக்கு வேலை குறைவு என்று பார்த்தீர்கள். பொது மருத்துவத்தில் நான் இருந்தேன். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே பாக்கி. முதல்வர் ஐயா, நீங்களே கூப்பிட்டு, இது பொறுமை உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை என்றீர்கள். எனக்குப் பொறுமை உண்டு.

மாணவர்கள் அதை அழுகை ரூம் என்றார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்ததால் என்னைப் பெருமூச்சு மேடம் என்றார்கள். ஒருமுறை மாடிப்படியில் எனக்குக் கேட்டது.

"டேய், பெருமூச்சு வராங்க. மூச்சு விடாத."

நான் கோபப்படவில்லை. பெயர் வைக்கும் அளவுக்கு நினைக்கிறார்களே என்று இருந்தது. உள்ளே யாரும் வரமாட்டார்கள். நான் தினமும் நாற்காலிகளைத் துடைப்பேன்.

வீட்டில் கணவர் இருக்கிறார். வங்கியில் இருந்தவர். நல்லவர். காலையில் "பால் வந்துச்சா" என்பார். ராத்திரி "கதவு பூட்டியாச்சா" என்பார். இடையில் எங்களுக்குள் பிணக்கு எதுவும் இல்லை.

உறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மையம் தொடங்கிய புதிதில் ஒரு மாணவனுக்குத் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தேன். விடுதியில் யாரோ அட்டையைப் பார்த்துவிட்டார்கள். பைத்தியத்துக்குச் சாப்பிடுகிறான் என்று கேலி. அவன் படிப்பை விட்டுப் போனான். அதற்குப் பிறகு எங்கள் மையத்தில் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வெள்ளை உறையில் போட்டுக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். உறையில் மருந்தின் பெயர் இருக்காது. மையத்தில் யாருக்கு என்ன மருந்து என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பதையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். அது நாகரிகம் என்றேன். கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேசியபோது கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள்.

இப்போது அவளைப் பற்றி.

அறுவை சிகிச்சையில் முதுநிலை படிக்க வந்தவள். அவள் போட்ட தையலின் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் ஊசி என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான், தலைமை மருத்துவர் ஐயா. அறுவைத் துறை மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு மணி நேரம் என்னிடம் வர வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் வந்து செல்போனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் வந்த அன்றைக்கு மூலையில் நின்ற எலும்புக்கூட்டைப் பார்த்தாள்.

"மேடம், இவரும் கவுன்சிலிங்குக்கு வந்தவரா?"

"ஆமா. வந்து ரொம்ப நாள் ஆச்சு."

"பாவம். உங்க நேரம் கிடைக்காமயே இப்படி ஆயிட்டாரா?"

நான் சிரித்தேன். எலும்புக்கூட்டைத் தவிர அந்த அறையில் வேறு யாரும் என்னோடு அவ்வளவு நேரம் இருந்ததில்லை. அவள் பேசிக்கொண்டே நாற்காலியின் கைப்பிடியில் நூலால் முடிச்சுப் போடுவாள். இடது கையால், பார்க்காமல். அப்பா அம்மா இல்லை. அண்ணன்தான் படிக்க வைத்தார். முதன்முதலாகக் குடல்வால் எடுத்த அன்று அண்ணனுக்குப் போன் செய்து, "அண்ணே, ஒருத்தர் வயித்துக்குள்ள கை விட்டுட்டேன்" என்றாளாம். அவர், "கையக் கழுவிட்டியா" என்றாராம். இப்படி ஏதாவது சொல்வாள். ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது.

பருவம் முடிந்தது. அவள் வரவில்லை. நடைபாதையில் பார்த்தால் "வணக்கம் மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். நன்றாக இருந்தாள். நல மையத்தின் நோக்கமே அதுதான்.

குளிர்காலத்தில் இருமலோடு வந்தாள். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டதில் மூச்சுக்குழாய் இறுகியிருந்தது தெரிந்தது. அதை விரிக்கிற சாதாரண மாத்திரையை வழக்கம் போல உறையில் போட்டுக் கொடுத்தேன். சரியான மருந்து, சரியான அளவு. அதில் எந்தத் தவறும் இல்லை. சில நாளில் மறுபடி வந்தாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"மேடம், காலையில தையல் போடும்போது கை நடுங்குச்சு. ஒரு செகண்ட்தான். யாரும் பாக்கல."

கையை நீட்டினாள். விரல் நுனிகள் லேசாக ஆடின. அந்த மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும். நிறுத்தினால் போய்விடும். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். நான் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டேன்.

"உக்காரு," என்றேன். "தூக்கமெல்லாம் எப்படி இருக்கு?"

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் சொன்னாள். தேநீர் ஆறும்வரை சொன்னாள்.

இருமல் போனது. மாத்திரை தீர்ந்தால் நடுக்கமும் போய்விடும். நரம்புக்கு என்று சொல்லி அதே மாத்திரையை வேறு உறையில் கொடுத்தேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மருந்தின் பெயர் தெரியும். முகம் தெரியாது. வெள்ளையாக, வட்டமாக, நடுவில் கோடு போட்டு எத்தனையோ இருக்கின்றன.

அவளுக்குப் பயம் வந்தது. மூளை, நரம்பு என்று வரிசையாக நோய்களின் பெயரைச் சொன்னாள். படிக்கிற நோயெல்லாம் தனக்கே வந்துவிட்டது என்று நினைப்பது நம் மாணவர்களின் வழக்கம்தானே என்றேன். சிரித்தாள்.

"நரம்பு டாக்டர ஒரு தடவ பாத்துரட்டுமா மேடம்?"

"பாரேன். ஆனா அது உன் ஃபைல்ல ஏறும். அப்புறம் உன் கையில கத்தி குடுக்க யோசிப்பாங்க."

இதுவும் உண்மை. அவள் போகவில்லை. தைராய்டுக்கு மட்டும் ரத்தம் எடுத்தேன். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம்.

நோயைக் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவர்கள் நிறைந்த கட்டடம் இது. அவளுடைய கை ஆடியதைப் பலர் பார்த்தார்கள். விடுதித் தோழி, "ரொம்ப யோசிக்காத டீ" என்றாள். தலைமை மருத்துவர் ஐயா, நீங்கள், "இதெல்லாம் மனசும்மா. மையத்துக்குப் போ" என்றீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை. எல்லா மாடியிலும் நான் ஒட்டியிருந்த சுவரொட்டி அதைத்தான் சொன்னது. கை நடுக்கமா, படபடப்பா, எங்களிடம் வாருங்கள். வெளிநோயாளிப் பிரிவில் ஒரு கிழவர் நடுங்கும் கையைக் காட்டினால், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் கடைசி பெஞ்சு மாணவனும் முதலில் கேட்பான். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகம் இல்லை என்று நான் கற்றுக்கொடுத்திருந்தேன். நல்ல மாணவர்கள். கேட்டுக்கொண்டார்கள்.

அவள் ஏறக்குறைய எல்லா மாலையும் வந்தாள். பிஸ்கட் கொண்டுவருவாள். சில நாள் பேசிக்கொண்டே தூங்கிவிடுவாள். நான் மின்விசிறியைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். தோழிகளோடு சுற்றுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றேன். குறைத்தாள். ஒருநாள் எழுந்து போகும்போது, "போயிட்டு வரேம்மா" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரி மேடம்" என்றாள். பரவாயில்லை என்றேன்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன்.

"இன்னைக்கு ஒரு பொண்ணு என்னை அம்மான்னு கூப்பிட்டா."

அவர் செய்தித்தாளை இறக்கினார். "எதுக்கு?" என்றார்.

நடுவில் ஒருமுறை நிறுத்தினேன். மருந்தே இல்லாத சத்து மாத்திரையை உறையில் போட்டேன். நான் பிடிவாதக்காரி இல்லை என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான். அடுத்த வாரம் ஓடி வந்தாள். தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிப் புறங்கையில் வைத்துக் காட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பாத்தீங்களா மேடம். போயிடுச்சு. இனிமே உங்கள தொல்ல பண்ண மாட்டேன்."

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அவ்வளவு அழகாக இருந்தாள். நான் இழுப்பறையைத் திறந்தேன்.

"பாதியில விட்டா திரும்ப வந்துரும்," என்றேன். "இத விடாம சாப்பிடு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஆபரேஷன் நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள், தலைமை மருத்துவர் ஐயா, நீங்கள் என்னைப் போனில் கேட்டீர்கள். ஊசிக்கு ஒரு பித்தப்பை ஆபரேஷன் முழுதாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், கை எப்படி, கொடுக்கலாமா என்றீர்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்பீர்கள். அவளைத் துறை மாற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம் என்றேன். அன்று மாலை அவள் வந்து, நாளைக்குப் படபடப்பு இல்லாமல் இருக்க ஏதாவது கூடுதலாக வேண்டும் என்றாள். அதே மாத்திரையில் ஒன்று கூடக் கொடுத்தேன். மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். தியேட்டரில் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பார்கள் என்று நினைத்தேன். ஆபத்தான அளவை நான் எப்போதும் தாண்டியதில்லை.

அந்த நோயாளி ஒரு தையல்காரர். கல்லுக்காக வந்தவர். ரத்தக்குழாய் கிழிந்ததும், ரத்தம் நிற்காததும், இரண்டு நாள் கழித்து அவர் இறந்ததும் உங்களுக்குத் தெரியும். அவருடைய மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அவருடைய செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்களாவது வந்து கேட்டீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தம்மாவுக்கு என்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னேன்.

அவளுடைய மனநிலை பற்றிச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். மன அழுத்தத்தால் நடந்தது என்று நான் ஒரு வரி சொன்னால் போதும், கோப்பை மூடிவிடலாம் என்று காலையில், முதல்வர் ஐயா, நீங்களே சொன்னீர்கள். அவளும் அதைத்தான் நம்புகிறாள். நேற்று என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"கத்தியே வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறேன் மேடம். என் மனசு சரியில்ல. அதுக்கு ஒரு மனுஷர் செத்துட்டார். அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறாங்க. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

ராத்திரி முழுக்க யோசித்தேன். அதனால்தான் சொல்கிறேன். அவள் மனதில் குறை இல்லை. கையிலும் குறை இல்லை. அவளுக்கு மாத்திரை கொடுத்து நடுங்க வைத்தது நான். தெரிந்து கொடுத்தேன். அந்தத் தையல்காரர் இறந்ததும் என்னால்தான். உறைகள் இழுப்பறையில் இருக்கின்றன, பரிசோதித்துக்கொள்ளலாம். மாத்திரையை நிறுத்திச் சில நாளில் அவள் பழையபடி தைப்பாள். அவளை அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. அவள் இங்கேயே இருக்கட்டும். என்னை எங்கே வைத்தாலும், பார்க்க வருகிற தூரத்தில் இருக்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

சட்ட அலுவலர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். தலைமை மருத்துவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவின் கண்ணாடி வழியாக அவள் தெரிகிறாள். பெஞ்சில் அண்ணனின் தோளில் சாய்ந்திருக்கிறாள். அவர் அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திப் பிடித்திருக்கிறார்.

நான் எழுந்து நின்று முதல்வரிடம் கேட்கிறேன்.

"இத அவகிட்ட நானே சொல்லட்டுமா ஐயா? மனசு விட்டுப் பேச அவளுக்கு என்னை விட்டா வேற யாரும் இல்ல."