ஏரிக்குள் ஒரு குறுக்கு வழி

அன்று காலை ஆறேகாலுக்கு அயனம்பாக்கம் வீட்டில் இருந்தவர்கள்: மாடியில் என் அப்பா வரதன், எழுபத்தொரு வயது, ஆவடியில் தொழிற்சாலை ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான், ஸ்ரீகாந்த். கீழே, மோட்டார் பக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா குப்பம்மா. என் அக்கா அகல்யா இல்லை. அவள் பூந்தமல்லியில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவாள். அன்று வியாழன்.

இட்லி மாவு புளித்துப்போயிருந்தது. அதனால் அப்பாவுக்கு பிரெட்டும் பாலும் கொடுத்தேன். முழுதும் சாப்பிட்டார். அவரைப் பட்டினி போட்டேன் என்று அக்கா நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் அறிவியல் புனைகதை எழுதுகிறவன். பதிப்பகம் கிடையாது. நானே எழுதி, நானே அட்டை போட்டு, இணையத்தில் வெளியிடுவேன். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் படித்து, மூன்றாம் ஆண்டில் நின்றுவிட்டேன். பிறகு அம்பத்தூரில் ஆறு வருடம் இரவு ஷிப்ட். வெளிநாட்டுக்காரர்களின் பிரிண்டர் கோளாறுகளைப் போனில் கேட்கும் வேலை. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே எழுதினேன். ஒருமுறை ஒரு வயதான பெண்மணியைக் காத்திருக்க வைத்து, பத்தியை முடித்த பிறகுதான் பேசினேன். அந்த வாரமே வேலையை விட்டேன்.

முதல் மூன்று நாவல்களிலும் விண்கலங்கள் ஒழுங்காகப் பறந்தன. படித்தவர்கள் குறைவு. "இயந்திரமெல்லாம் நன்றாக இருக்கிறது, மனிதன்தான் யாரும் இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரியாகத்தான் சொன்னார்.

அம்மா போன மறுவருடம் அப்பாவுக்கு மறதி வந்தது. மறதி என்பதுகூடச் சரியில்லை. அவர் வருடம் மாறி வாழ்ந்தார். காலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருப்பார். மாலையில், அக்கா கல்யாணத்துக்குப் பந்தல்காரன் இன்னும் வரவில்லையே என்று ஜன்னலில் நிற்பார். என்னை, தன்னோடு வேலை பார்த்த பாண்டியன் என்று நினைத்தார்.

"டேய் பாண்டியா, ஃபோர்மேன் மொறைச்சா நீயும் மொறைக்காத. அந்தாளுக்கு வீட்ல திட்டு, அதை இங்க வந்து எறக்குறான்."

நான் சிரித்துக்கொண்டே போனில் பதிவு செய்வேன்.

நான்காவது நாவல் அதிலிருந்து வந்தது. ஒவ்வொரு காலையும் வேறொரு வருடத்தில் கண் விழிக்கும் ஒரு தொழிலாளி. வாரம் ஓர் அத்தியாயம் வெளியிட்டேன். முதல் முறையாக ஆயிரக்கணக்கில் படித்தார்கள். அந்த மனிதரை அழைத்துவந்து ஒரு வேளை சோறு போட வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு பெண் எழுதினார். அப்பாவை அத்தனை பேர் நேசித்தார்கள்.

அந்தச் சமயத்தில் அக்கா அவரைப் புது டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை வேலை செய்தது. ஒரு மாதத்தில் அப்பா என்னை ஸ்ரீகாந்த் என்று கூப்பிட்டார், பேப்பர் படித்தார், காபியில் சர்க்கரை குறைவு என்றார். வேறெதுவும் பேசவில்லை. மூன்று வாரம் என்னால் எதையும் வெளியிட முடியவில்லை.

ஒரு மத்தியானம், "நீ என்னமோ எழுதுறியாமே, படிச்சுக் காட்டு" என்றார். ஓர் அத்தியாயம் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இந்த ஆளு பாவம்டா. வீட்ல இவனைப் பாத்துக்க யாருமே இல்லியா?"

"கதைக்கு அது தேவைப்படலப்பா."

"அப்ப சரி."

நல்ல வரி. அடுத்த அத்தியாயத்தில் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்தினேன். ஏழு நாளுக்கு ஏழு அறைகள் உள்ள டப்பாவை அக்கா ஞாயிறன்று நிரப்பிவிட்டுப் போவாள். நான் தினம் ஓர் அறையை வாஷ்பேசினில் கொட்டிக் கரைத்தேன். நாவல் முடிந்ததும் மறுபடி கொடுப்பதாகத்தான் இருந்தேன். பத்தாம் நாள் நான் மீண்டும் பாண்டியன் ஆனேன்.

"என்னடா, இவ்ளோ தேறி வந்தவரு மறுபடி இப்படி ஆயிட்டாரு?" என்று அக்கா அழுதாள்.

"வயசாகுதுல்லக்கா" என்றேன்.

அவர் வெளியே போய்விடக் கூடாது என்று மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டது அவள்தான். சாவி என்னிடம் இருந்தது.

முடிவு மட்டும் வரவில்லை. அந்தத் தொழிலாளி கடைசியில் எங்கே போகிறான் என்று படிப்பவர்கள் கேட்டார்கள். நான் அப்பாவைக் கேட்டேன். தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் கிடைக்கும்முன் அவர் இதே அயனம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கோடையில் ஏரி வற்றியதும், உள்ளே இறங்கிச் சைக்கிளை நேராக மிதித்தால் ஆவடிக்குப் பாதி நேரம் மிச்சமாம்.

"கரையச் சுத்துறவன் முட்டாள்டா. உள்ள மண்ணு, தார் ரோடு மாதிரி கெட்டியா கெடக்கு."

மூன்று தடவை சொன்னார். மூன்று பதிவும் என் போனில் இருக்கின்றன. அது டிசம்பர். மழை விட்டு ஒரு வாரம் ஆகியும் ஏரி கரை தொட்டு நின்றது. எங்கள் மாடியிலிருந்தே தெரியும்.

வியாழக்கிழமை அவர் தலை வாரி, காக்கிச் சட்டை போட்டு, கதவருகே நின்றார். "முதல் ஷிப்ட்டுடா. லேட்டானா கேட்ல நிக்க வச்சிருவான்." இது புதிதல்ல. மற்ற நாட்களில், "இன்னிக்கு லீவு" என்பேன். உடனே உட்கார்ந்துவிடுவார். ஒருநாளும் மறுத்ததில்லை. அன்று நான் அதைச் சொல்லவில்லை. பூட்டைத் திறந்தேன்.

கீழே குப்பம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா நைனா, பவுடர்லாம் போட்டுகினு, பொண்ணு பாக்கவா?"

"டூட்டிம்மா."

"நடத்து. என் ஊட்ல கீற தடியனுங்க இன்னும் தூங்கிகினு கீறானுங்க." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தம்பி, நீ கூட போவலியா?"

"தெருமுனை வரைக்கும்தான். வந்துடுவாரு."

குப்பம்மா நம்பினார். அவர்மேல் குற்றமில்லை.

கேட்டைத் தாண்டியதும் அப்பா திரும்பினார். "பாண்டியா, நீ வரலியா?"

"எனக்கு ரெண்டாவது ஷிப்ட்."

"சரி. ஷிப்ட் மாறும்போது பாப்போம்."

தெருமுனையில் வலப்பக்கம் பஸ் ரோடு, இடப்பக்கம் ஏரி. இடப்பக்கம் போனார். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் வேலைக்குக் கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு.

கடைசி அத்தியாயம் ஒன்பது மணிக்கு வெளியானது. மீன் பிடிப்பவர்கள் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தது பத்தரைக்கு. இந்த ஒன்றரை மணி நேரம்தான் உங்களைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என்னிடம் கொண்டுவந்தது என்று தெரியும். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று அந்த அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். பலர் அழுததாகச் சொன்னார்கள். நானும் எழுதும்போது அழுதேன்.

உள்ளே வந்ததும் ஏன் பூட்டினேன் என்று கேட்டீர்கள். தண்ணீரைக் கண்டு பயந்து அவர் திரும்பி வந்துவிடலாம். உள்ளே வந்து மறுபடி பேச ஆரம்பித்தால் எனக்கு எழுத ஓடாது. அவர் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கதவைச் சாத்தி, பூட்டிவிட்டேன்.