சுத்து வழி

— மச்சான், நில்லுங்க. மேப்பு நேராப் போகச் சொல்லுது. நீங்க என்னடான்னா சந்துக்குள்ள திரும்புறீங்க.

— மேப்புக்கு என்ன தெரியும். வாங்க மாப்ளே.

— அஞ்சு நிமிஷம்னு காட்டுது. அரை மணி நேரமா நடக்க விடறீங்க. தங்கச்சி புருஷன்னா அவ்வளவு இளக்காரமா?

— கூட்டம் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருக்கு. மெதுவா போனா போதும்.

— கூட்டமாம் கூட்டம். பத்து குடிகாரனுங்க ஒரு ரூம்ல உட்கார்ந்து ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்த்துக்கிட்டா குடி போயிடுமா? யாரு குடுத்தா உங்களுக்கு இந்த அட்ரஸ?

— கடைக்கு மருந்து வாங்க வர்ற ஒருத்தர்.

— மருந்துக்கடை வெச்சிருந்தா இது ஒரு வசதி. ஊர்ல எவனுக்கு எங்க ஓட்டைன்னு பூரா தெரிஞ்சிடும்.

— பேச்ச மாத்தாதீங்க. வர்றேன்னு தங்கச்சிகிட்ட சொன்னீங்களா இல்லையா...

— சொன்னேன், சொன்னேன். இந்தக் கூட்டத்துக்குப் போனாத்தான் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வருவேன்னு உங்க வீட்டுல போய் உட்கார்ந்துட்டா. ஆபீஸ்லயும் அதே பாட்டு. போகலன்னா வேலை இல்லையாம்.

— பின்ன? லிஃப்டுக்குள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டு கதவத் தட்டுறாங்க. ரிப்பேர் பண்ணப் போன மெக்கானிக் மாப்ளே குடிச்சுட்டு மொட்டை மாடியில மெஷின் ரூம்ல குறட்டை விடறாரு.

— ...அந்தத் தட்டுற சத்தம் இன்னும் கேக்குது மச்சான். தூங்க விட மாட்டேங்குது.

— ம்.

— வழி தெரியலன்னா அந்த சைக்கிள் கடைக்காரர்கிட்ட கேக்கலாமே.

— கேளுங்க. என்னன்னு கேப்பீங்க?

— குடிய விடறவங்க கூடற இடம்... வேணாம், நீங்களே கேளுங்க. உங்களப் பார்த்தா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்.

— அதெல்லாம் வேணாம். நாமளே கண்டுபிடிச்சுடலாம்.

— அங்க எழுந்து நின்னு பேசச் சொல்வாங்களோ?

— இஷ்டம் இருந்தா பேசலாம். இல்லன்னா சும்மா கேட்டுட்டு வரலாம். பேருகூடச் சொல்ல வேண்டியதில்ல.

— உங்க மருந்துக்கார ஆளு ரொம்ப விவரமாத்தான் சொல்லியிருக்காரு.

— கையில வெச்சிருக்கிற அந்த பாட்டிலக் குடுங்க மாப்ளே. தொண்டை காயுது, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.

— இதா? வேணாம் மச்சான்... எனக்குச் சளி. ஒட்டிக்கும்.

— சளியா. சரி, சரி.

— உங்களுக்கு ஒண்ணுன்னா அவ என்னை உப்புக்கண்டம் போட்டுடுவா. காலையில கண்ணு முழிச்சா, "எங்க அண்ணனப் பாருங்க, எங்க அண்ணனப் பாருங்க." சோடா குடிச்சு ஏப்பம் வந்தாக்கூட மன்னிப்பு கேக்கிற ஆளு நீங்க. உங்களுக்குப் பக்கத்துல நிக்க வெச்சா நான் எங்க போவேன்?

— அவ கிடக்கா, விடுங்க.

— சனிக்கிழமையானா ஊரே சுத்தப் போகுது, எங்க அண்ணன் மட்டும் கடையச் சாத்திட்டு ஸ்டாக் எடுக்குதுன்னு பெருமை வேற. இன்னைக்கு எனக்காக அதையும் விட்டுட்டு வந்திருக்கீங்க.

— ஒரு வாரம் எண்ணலன்னா மாத்திரை எங்கயும் ஓடிடாது. பார்த்து, சாக்கடை மூடி உடைஞ்சிருக்கு.

— எங்க? ...ஆமா. குப்பை மூடிக் கிடக்கு, எப்படித் தெரிஞ்சுது?

— கண்ணு நல்லாத் தெரியும் எனக்கு.

— இது எந்தத் தெரு? நான் வந்ததே இல்லையே.

— இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாத தெருவா?

— எனக்குத் தெரியலன்னா அங்க சரக்குக் கடை இல்லைன்னு அர்த்தம். சிரிக்காதீங்க. நெஜமாத்தான். இங்க இல்ல. முன்னாடி வந்த சந்துல இல்ல. மரக் கடைத் தெரு, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம்... எங்கயுமே இல்ல.

— வந்தாச்சு. டிரைவிங் ஸ்கூல் மாடி.

— ஒரு போர்டுகூட இல்லையே.

— போர்டு வெச்சா எவன் வருவான். ஏறுங்க. கைப்பிடியப் பிடிக்காதீங்க, ஆடும்.

— மச்சான்.

— ம்.

— நான் வரல. நீங்க வீட்டுக்குப் போங்க.

— இவ்வளவு தூரம் வந்துட்டு...

— பாட்டில்ல இருக்கிறது தண்ணி இல்ல.

— தெரியும்.

— எப்பத்திலருந்து?

— வாசல்ல இறங்கினப்பவே. நடக்க நடக்க மூடியத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீங்க.

— தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தீங்க? ...ஒரு சொட்டுகூடக் குடிக்கல மச்சான், பிள்ளைங்க மேல சத்தியமா. வெறுங்கையோட வர பயமா இருந்துச்சு. சும்மா கூட இருக்கட்டும்னு...

— நம்பறேன். உள்ள ஜன்னல் ஓரம் ஒரு மேஜை இருக்கும். அதுல வெச்சுட்டு வந்து உட்காருங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நானும் மொத நாள் அங்கதான் வெச்சேன்.

— ...நீங்களா?

— மெதுவாப் பேசுங்க.

— அப்ப, சனிக்கிழமை ஸ்டாக்கு?

— இங்கதான்.

— அடப்பாவி மனுஷா. இத்தனை வருஷமா உங்களக் காட்டித்தானே அவ என்னை வறுத்தெடுத்தா.

— வறுக்கட்டும் விடுங்க. காட்டறதுக்கு அவளுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல.

— நீங்கதான் சுத்தமா விட்டுட்டீங்களே. அப்புறம் எதுக்கு இன்னும் வாராவாரம்?

— மேப்பு சரியாத்தான் சொல்லுச்சு மாப்ளே. நேர் ரோட்டுல வந்தா அஞ்சு நிமிஷம்தான். வழியில நாலு சரக்குக் கடை இருக்கு. நான் இன்னும் ஒரு நாள்கூட அந்த ரோட்டுல வந்ததில்ல.