நார்வேக்கு விழுந்த ஒரு ஓட்டு

— இதைச் சொல்லிடு மச்சான். "சைபர் வாங்கினவங்க எந்த வழியா வீட்டுக்குப் போவாங்க?"ன்னு ஒரு குழந்தை கேட்டுச்சு, அதனாலதான் அவருக்கு ஓட்டுப் போட்டேன்னு சொல்லிடு.

— எந்தக் குழந்தை, மாப்ளே?

— என் அக்கா மக டோரிஸ். பாட்டுப் போட்டிக்கு முந்தின நாள் கேட்டா. அப்ப அவளுக்கு அஞ்சு வயசு.

— டோரிஸ் உன்கிட்ட கேட்டதை நான் எப்படிச் சொல்றது? நாளைக்கு ஊர் கிளப் விருந்துல அவ முதல் மேசையில உக்காந்திருப்பா. "சால்வு மாமா, உங்ககிட்ட நான் எப்பக் கேட்டேன்?"னு எழுந்து நிப்பா. வக்கீல் அவ. தேதியும் கேப்பா.

— சரி, வேற யோசிப்போம். அந்தத் தக்காளி ரொட்டியை இப்படித் தள்ளு. எண்ணெய் நல்லா ஊறியிருக்கு.

— திங்கிற நேரமா இது, விஸ்டின்? நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ஓட்வார் வந்து இறங்குறார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால ஐரோப்பா பூரா அவர் பாட்டுக்குச் சைபர் போட்டப்ப, மால்டாவுல இருந்து ஒரே ஒரு ஓட்டு விழுந்துச்சு. அதைப் போட்ட மகராசனைப் பார்க்கணும்னு எழுபத்தெட்டு வயசுல நார்வேயில இருந்து கிளம்பி வர்றார். அந்த மகராசன் யாருன்னு நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் ரொட்டிக்கடை சால்வுன்னு என்னைத்தான் கை காட்டுவாங்க.

— நீதானே மச்சான் ஊரெல்லாம் சொன்னே.

— சொன்னேன். ஆனா நான் போட்டது ஸ்பெயினுக்கு. அந்தப் பச்சை கவுன்காரிக்கு.

— தெரியும்.

— தெரியுமா?

— பத்துப் பேர் நடுவரா உக்காந்தோம். அவ வந்தப்ப நீ ஒருத்தன்தான் தொப்பியைக் கழட்டினே.

— மத்த எட்டுப் பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. ஆண்டவர் அவங்களுக்கு இளைப்பாற்றி குடுக்கட்டும். சாட்சின்னு யாரும் இல்லை. ஆனா கிளப் தலைவர் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கார். விருந்து நடுவுல என்னை எழுப்பி, "ஏன் அந்தப் பாட்டுக்குப் போட்டீங்க?"ன்னு கேப்பாராம். பங்குச் சாமியார் எனக்கு மைக் பிடிப்பாராம். சாமியார் பிடிச்ச மைக்குல என்னன்னு பொய் சொல்றது?

— பொய் வேண்டாம். பாட்டைப் போட்டுக் கேப்போம். உனக்கு நிஜமாவே பிடிச்சுப்போச்சுன்னா பாதி உண்மை ஆயிடும்ல.

— மீதிப் பாதி?

— அதை ஆண்டவர் பார்த்துக்குவார். போனை எடு.

— பேரன் அந்த வருஷத்துப் போட்டி முழுசையும் எடுத்துக் குடுத்திருக்கான். இதை அழுத்தணுமாம். ஐயய்யோ, இது போர்ச்சுகல்.

— ஓடட்டும். நல்ல பாட்டு.

— இதுவா? கழுதையை வித்துட்டு மழையில நடந்து வந்தவன் முனகுற மாதிரி இருக்கு.

— குரல்ல மனசு இருக்கு மச்சான்.

— பல்வலி இருக்கு. அடுத்தது சுவிட்சர்லாந்து. இவளைக் கேளு, ஒரு சொல்லு வாயில இருந்து வருது, அடுத்த சொல்லு மூக்குல இருந்து வருது. நடுவுல மலை ஏறி இறங்கிட்டு வர்றா.

— இவ்வளவு நேரம் மூச்சுப் பிடிச்சா நான் விழுந்துடுவேன். பாவம், எத்தனை நாள் பழகினாளோ.

— ஜெர்மனிக்காரங்க நாலு பேரும் நான் ரொட்டி சுடுற தகரத்தை வெட்டி உடுத்தியிருக்காங்க. இவங்களையும் உனக்குப் பிடிக்குமே.

— கடைசியில நிக்கிறவன் தப்பா ஆடுறான் பாரு. ஆனா சிரிச்சுக்கிட்டே ஆடுறான். பக்கத்துல இருக்கிறவனும் முறைக்கல, இடம் விட்டுக் குடுக்கிறான்.

— உன்னைப் போய் நடுவராக் கூப்பிட்டாங்களே. உன் கையில விட்டா எல்லாருக்கும் முதல் பரிசு குடுத்து, விளக்கு அணைக்கிற ஆளுக்கும் ஒண்ணு குடுத்திருப்பே. இரு, இரு, இதோ நம்ம ஆளு. அந்தக் கம்பளிச் சட்டையைப் பாரு. உள்ள இன்னொரு ஆடு உசிரோட இருக்கும்போல.

— பாட்டைக் கேளு மச்சான்.

— கேக்குறேன். "டிட்டி டிம்பா, டிட்டி டிம்பா." இதுக்கு என்ன அர்த்தம்னு நார்வேக்காரனுக்கே தெரியாதாம், பேரன் சொன்னான். பதினேழு டிம்பா. எண்ணிட்டேன்.

— பத்தொன்பது. கடைசி ரெண்டையும் மெதுவாச் சொல்வார்.

— நீ எத்தனை தடவை கேட்டிருக்கே?

— வண்டி ஓட்டும்போது எப்பவாவது கேப்பேன். அதை விடு. இப்ப ரெண்டாவது சரணம் வருது, கவனி. பின்னால இசைக்குழு ஒரு அடி முந்திடும். அந்த வயலின்காரரோட தப்பு. ஓட்வார் திரும்பிப் பார்க்கிறார் பாரு. கோபப்படல. கிளம்பின பஸ்ஸை ஓடிப் பிடிக்கிற மாதிரி ஓடிப்போய்ப் பாட்டைப் பிடிச்சுக்கிட்டார். பிடிச்ச உடனே வயலின்காரரைப் பார்த்து, பரவாயில்லைன்னு தலையை ஆட்டினார். பார்த்தியா? கோடிப் பேர் பார்த்துக்கிட்டு இருக்காங்க, தன் பாட்டு கெட்டுப்போச்சு, அப்பவும் அந்த மனுஷன் முகம் வாடக் கூடாதுன்னு நினைச்சார். அதைப் பார்த்ததும், இவர் வெறுங்கையோட போகக் கூடாதுன்னு தோணிச்சு.

— யாருக்குத் தோணிச்சு?

— உனக்கு. நாளைக்கு நீதானே மைக்குல சொல்லணும்.

— எனக்கா. சரி. நல்லாத்தான் தோணியிருக்கு எனக்கு.

— ஒண்ணு கேக்கணும் மச்சான். எத்தனையோ வருஷமா மனசுல இருக்கு. அன்னிக்கு ஏன் முன்னால வந்து "நான்தான் போட்டேன்"னு சொன்னே? நாலு பேர் உன்னைத் திரும்பிப் பார்க்கணும்னா? நான் உனக்காக ஒவ்வொரு தவக்காலமும் மன்னிப்பு கேட்டு ஜெபம் சொல்லிக்கிட்டு வர்றேன், தெரியுமா?

— எனக்கு மன்னிப்பா? அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லு பார்ப்போம்.

— ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு எல்லாரும் இங்கேதான், உங்க அப்பா கடை வாசல்ல நின்னாங்க. இத்தாலி ஒரே ஒரு ஓட்டுல தோத்துப்போச்சுன்னு ஊரே துக்கத்துல இருந்துச்சு.

— அப்பா இத்தாலிப் பாட்டுன்னா உசிரை விடுறவரு. கையில ரொட்டி எடுக்கிற அடுப்புத் துடுப்பு வேற. "நார்வேக்குப் போட்ட கழுதை எதுவோ, அது என் வாசல் மிதிக்கக் கூடாது"ன்னார். நியாயமாப் பார்த்தா என் ஓட்டும்தான் இத்தாலியைக் கவுத்துச்சு. ஆனா ஸ்பெயினுக்குப் போட்டவன் கூட்டத்துல மறைஞ்சுக்கலாம். நார்வேக்குப் போட்டவன் எங்கே போய் மறையறது? அப்புறம் என் வாசல்ல என்ன கட்டித் தொங்கவிட்டாங்க, சொல்லு.

— காய்ஞ்ச மீன் தலை. நார்வேக்காரன் சாப்பாடுன்னு கிண்டல்.

— எத்தனை நாள்?

— நாள் இல்லை மச்சான். பன்னெண்டு வருஷம், ஒவ்வொரு திருவிழாவுக்கும். ஓட்வார் நன்றி சொல்லிப் பேப்பருக்கு எழுதினப்புறம்தான் நிறுத்தினாங்க.

— பட்டப்பேரு நிக்கலையே. நான் நார்வே சால்வு. என் மகன் நார்வே மகன். பேரன் பிறந்த அன்னிக்கே நார்வே பேரன். செத்தா மரண அறிவிப்புலயும் அப்படித்தான் போடுவாங்க. மீன் தலைக்கு ஆசைப்பட்டா ஒருத்தன் முன்னால வந்து நிப்பான்? அந்த ஞாயித்துக்கிழமை நீ எதுக்கு இந்த வாசலுக்கு வந்தே, மாப்ளே?

— உங்க அப்பாகிட்ட பேச வந்தேன். உன் தங்கச்சியைக் கேட்டு.

— சட்டைப் பையில பூ வச்சுக்கிட்டு வந்தே. அப்பா கழுதைன்னதும் உன் மூஞ்சி பிசைஞ்சு வச்ச மாவு மாதிரி ஆயிடுச்சு. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா நீயே வாயைத் திறந்து ஒத்துக்கிட்டிருப்பே. பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் நீ. சொந்த மகனை அப்பா எத்தனை நாள் வெளியில நிறுத்துவார்? அதான் நான் முந்திக்கிட்டேன்.

— நான்தான் போட்டேன்னு உனக்குத் தெரியுமா?

— பக்கத்து நாற்காலி, மாப்ளே. ஓட்டுச் சீட்டை மடிக்கிறதுக்கு முன்னால சிலுவை போட்டுக்கிட்டே. இத்தாலிக்குப் போடுறவன் எதுக்குச் சிலுவை போடணும்?

— இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே.

— எப்பச் சொல்றது? அப்பா இருந்தவரைக்கும் தங்கச்சி பீனாவோட வாழ்க்கை கெட்டுடுமேன்னு சொல்லல. அப்பா போனப்புறம் நார்வேங்கிறது என் பேரப்பசங்க பேரு ஆயிடுச்சு. பள்ளிக்கூடத்துல நார்வேக் கொடியை ஒட்டி வச்சிருக்கான் சின்னவன்.

— நான் நாளைக்கு எழுந்து எல்லார் முன்னாலயும் சொல்லிடுறேன் மச்சான்.

— உக்காரு. பீனா அப்பாவோட மக. இத்தாலி யாரால தோத்துச்சுன்னு இந்த வயசுல அவளுக்குத் தெரிஞ்சா, நீ என் கடையிலதான் படுக்கணும். மாவு மூட்டை மேல.

— சாமியார் மைக்கை நீட்டுவாரே. என்ன சொல்லுவே?

— எங்க குடும்பத்துல இருந்து விழுந்த ஓட்டுன்னு சொல்லுவேன். அதுல ஒரு எழுத்து பொய் இருக்கா? வயலின்காரர் கதையையும் சொல்லுவேன். அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கத்தான் இன்னிக்கு உன்னைக் கூப்பிட்டேன்.

— நமக்குச் சரி மச்சான். ஓட்வாருக்கு? அவ்வளவு தூரம் வந்து, தப்பான ஆளுக்கு நன்றி சொல்லிட்டுப் போறது பாவம் இல்லையா?

— எனக்கு முட்டி வலி. விமான நிலையத்துக்கு நாளைக்கு நீதான் வண்டி எடுத்துட்டுப் போகணும். தனியாப் போ. கிளப் தலைவர் கூட வர்றேன்னார், இடமில்லைன்னுட்டேன்.

— பதினாலு பேர் உக்கார்ற வண்டி மச்சான் அது. முட்டி வலி எப்ப வந்துச்சு உனக்கு?

— போன மாசம், ஓட்வாருக்குக் கடுதாசி எழுதின அன்னிக்கு வந்துச்சு: "விருந்துல என் கையைச் சும்மா குலுக்கிட்டு உக்காருங்க, உங்களுக்கு ஓட்டுப் போட்டவர் விமான நிலையத்துல வண்டிச் சாவியோட நிப்பார், அவருக்குச் சொல்ல வேண்டியதை வழியிலேயே சொல்லிடுங்க."