தொடையில் தங்கிய துப்பாக்கித் துண்டு

திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரில் என் முறைக்காகக் காத்திருந்தேன். முன் வரிசையில் ரெட்டியார்சத்திரத்துக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், முதுகுவலிக்காக வந்திருந்தார். அங்கே வேலை பார்க்கும் பெண் ஒரு படிவத்தோடு வந்து கேட்டாள்.

“உடம்புக்குள்ள பிளேட்டு, ஸ்குரூ, இரும்பு ஏதாச்சும் இருக்காய்யா?”

“வலது தொடையில ஒரு துண்டு இருக்கும்மா. துப்பாக்கி செதறுன துண்டு.”

மனைவி சட்டென்று திரும்பினார். “அது மாடு முட்டின தழும்புன்னுல்ல சொன்னீங்க?”

“பொய்தான் சொன்னேன். ரோந்து போகையில எனக்கு முன்னாடி போனவன் கண்ணிவெடியை மிதிச்சுட்டான். அவன் ரைபிள் செதறி எனக்குள்ள பாஞ்சிருச்சு.”

“கண்ணிவெடியா? உங்ககூட பட்டாளத்துல இருந்த எங்கண்ணன் செத்தது அப்படித்தானே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “உங்கண்ணன்தான்.”

“நீங்க அன்னைக்கு கேம்ப்புல இருந்ததாச் சொன்னீங்களே!”

“பக்கத்துல இருந்தேன்னு சொல்லியிருந்தா, ‘எம்மகன் கடைசியா என்ன சொன்னான்’னு உங்கம்மா கேட்டிருப்பாங்க.”

மனைவி அவர் கையைப் பிடித்தார்.

“என்ன சொன்னான்?”

“தண்ணி கேட்டான். இடுப்புல இருந்த என் தண்ணி பாட்டிலும் ஓட்டையாகி, பூராத் தண்ணியும் கொட்டிருச்சு.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவருடைய வலது தொடையில் கை வைத்தார்.

“என்னைய கட்டி இம்புட்டு வருசமா, இதை எப்படிங்க தனியா வச்சிருந்தீங்க?”